தேவையான அளவு தண்ணீர்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களைப் போல நிம்மதியான பிறவிகள் உலகத்தில் இல்லை. கோதுமை மாவு இரண்டு கோப்பை என்பார்கள். உப்பு ஒரு சிட்டிகை என்பார்கள். முக்கியமான கட்டம் வந்ததும், "தண்ணீர் - தேவையான அளவு" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிக்கொள்வார்கள். அந்தத் தேவை எவ்வளவு என்று தெரியாமல்தானே நாம் குறிப்பையே புரட்டினோம்! அடுத்த வரி இன்னும் அழகு: "மாவைப் பூப்போலப் பிசைந்துகொள்ளவும்." எந்தப் பூ? மல்லிகையா, தாழம்பூவா, வாழைப்பூவா? அதைச் சொல்லமாட்டார்கள்.

குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். அதில் ரொட்டி பௌர்ணமி நிலவு போல உப்பி நிற்கும். நம் வீட்டில் அதே குறிப்பின்படி பிறப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் தேசப்படமாகவோ, கொஞ்சம் கைத்திறன் உள்ளவர்களுக்கு இலங்கையின் தேசப்படமாகவோ அமையும். போதாக்குறைக்கு இப்போது கைபேசி வேறு வந்துவிட்டது. தட்டு மேஜைக்கு வந்ததும் கை கழுவப் போவதற்கு முன்னால் படம் எடுத்தாக வேண்டும். மேலே இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கொத்துமல்லி தூவி ஒன்று. எடுத்து முடிப்பதற்குள் ரொட்டி ஆறி அட்டையாகிவிடும். ஆறிய ரொட்டியின் படத்துக்குக் கீழேதான் "சுடச்சுடச் சாப்பிட வேண்டியது" என்று எழுதுவார்கள்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். "தேவையான அளவு" என்ற அந்த இரண்டு சொற்களுக்குள், ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு மெய்யான சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதைச் சித்தூர், திருப்பதி பக்கத்து அடுப்படி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அந்த வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சமையலறையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

எல்லைக்கோடு தெரியாத ரொட்டி

1911 வரை தனிச் சித்தூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. வடஆர்க்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகராக இருந்தது. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. வரைபடத்தில் இத்தனை தடவை கோடு மாறியும் அடுப்படியில் ஒன்றும் மாறவில்லை. வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர்தான். வேலூர்ப் பக்கத்தில் கேழ்வரகு அடை என்று தட்டுவதைத்தான் அங்கே ராகி ரொட்டி என்று தட்டுகிறார்கள். இருபுறமும் அதே முருங்கைக்கீரை, அதே வெங்காயம், பச்சைமிளகாய். தொட்டுக்கொள்ள அதே வேர்க்கடலைச் சட்னி. யாழ்ப்பாணத்து அன்பர்கள் இதைப் படித்தால், "அட, எங்கள் குரக்கன் ரொட்டி!" என்பார்கள். அவர்கள் தேங்காய்ப்பூ சேர்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேழ்வரகு அந்தப் பூமிக்கு ஏற்ற தானியம். மழை குறைந்தாலும் ஏதோ விளைந்து மானத்தைக் காப்பாற்றும். திருப்பதிக்குப் பக்கத்தில் பெருமாள்ளபல்லி என்ற ஊரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் புதிய கேழ்வரகு ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் "திருமலா", இன்னொன்றின் பெயர் "வகுளா". வேங்கடவனை வளர்த்த தாய் என்று தலபுராணம் சொல்லும் வகுளமாதேவியின் பெயரல்லவா அது! திருமலை மடைப்பள்ளியையே மேற்பார்வை பார்ப்பவள் என்று பக்தர்கள் நம்பும் அந்த அம்மாவின் பெயரை ஒரு தானியத்துக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம்!

சப்பாத்தியின் கதை வேறு. அது நம் பக்கத்து வீடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பிறகு ரேஷன் வந்தது. ரேஷனோடு கோதுமையும் தலைகாட்டியது. 1956ல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதற்கப்புறம் வந்தது டாக்டர்களின் காலம். "சர்க்கரை இருக்கிறது, ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்றார்கள். நம்மவர்களும் டாக்டர் சொல்லைத் தட்டாமல், சோற்றுக்குப் பதிலாக எட்டுச் சப்பாத்தியும் அதற்குத் துணையாக உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட ஆரம்பித்தார்கள்! கோதுமை மருந்தல்ல, அரிசியைப் போலவே அதிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் எண்ணிக்கைதான் முக்கியம். கேழ்வரகுக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை உண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஒன்று உப்பும், ஒன்று உப்பாது

இந்த இரண்டு ரொட்டிகளும் ஒரே கல்லில் வேகின்றனவே தவிர, குணத்தில் இரண்டும் வெவ்வேறு ஜாதி.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ரப்பர் போன்ற ஒரு வலையாகின்றன. குளூட்டன் என்பது இதுதான். பிசையப் பிசைய வலை இறுகும். அரை மணி ஊறவிட்டால் தளர்ந்து பணியும். பிசைந்த கையோடு தேய்த்தால் சப்பாத்தி ரப்பர் வளையம் போலச் சுருங்கிக்கொள்வதன் காரணம், வலை இன்னும் தளரவில்லை என்பதே. "மாவு கொஞ்சம் ஊறட்டும்" என்று பாட்டி சொன்னது சோம்பலால் அல்ல.

இனி உப்பும் வித்தை. சுடுகல்லில் போட்டதும் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் கட்டுகிறது. நடுவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எட்டு லிட்டர் ஆவியாகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளுகிறது. சப்பாத்தி பூரித்துப் போகிறது. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு என்று தேய்த்திருந்தாலோ, எங்காவது ஒரு சிறு கிழிசல் இருந்தாலோ, ஆவி அந்த வழியாக நழுவிவிடும். அதனால்தான் தேசப்படங்கள் உப்புவதில்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கூடி வரவேண்டும். மாவில் போதிய ஈரம் இருக்க வேண்டும். கல்லில் போதிய சூடு இருக்க வேண்டும். சூடு குறைந்த கல்லில் சப்பாத்தி நிதானமாகக் காய்ந்து, உப்ப வேண்டிய நேரம் வருவதற்குள் ஆவியாக ஈரமில்லாமல் அப்பளமாகிவிடும். கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று அங்கேயே மறைந்தால் சூடு போதாது. முத்துப்போல உருண்டு ஓடினால் கல் தயார்.

கேழ்வரகில் இந்த வலையே கிடையாது. எத்தனை நாழிகை பிசைந்தாலும் வராது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பூரிக்கட்டையால் தேய்த்தால் ஓரமெல்லாம் வானம் பார்த்த பூமிபோல வெடிக்கும். அதனால் நம் பாட்டிமார் வேறு உபாயம் கண்டுபிடித்தார்கள். கொதிக்கிற தண்ணீரை மாவில் ஊற்றினார்கள். சூட்டில் மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது. குளூட்டன் செய்யவேண்டிய வேலையை அந்தப் பசை செய்கிறது. பிறகு ஈரத்துணியிலோ வாழையிலையிலோ வைத்து விரலால் தட்டி, கல்லில் மாற்றி, மூடிபோட்டு, நிதானமான தணலில் வேகவைத்தார்கள். ராயலசீமையின் வடபகுதியில் ஜொன்ன ரொட்டி என்று தட்டும் சோள ரொட்டிக்கும் இதே வெந்நீர் உபாயம்தான். ரசாயனம் படித்தவர்கள் பெயர் வைப்பதற்குப் பல தலைமுறை முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது.

கடல் கடந்த பிறகு

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாம் பிழைக்க வந்த ஊரைச் சொல்கிறேன். இங்கே முதலில் மாவு வேறு. ஊரில் கல் எந்திரத்தில் அரைத்த ஆட்டா. அப்படி அரைக்கும்போது மாவுச்சத்தின் மணிகள் நசுங்குவதால் அது அதிகத் தண்ணீர் குடிக்கும். ரொட்டி மிருதுவாக இருக்கும். இங்குள்ள கடைகளில் முழுக்கோதுமை மாவு என்று விற்பது பெரும்பாலும் உருளை எந்திரத்தில் அரைத்தது. தவிடு பெரிது பெரிதாகக் கிடக்கும். கூரான தவிடு அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடும். ஆட்டா என்றே பெயர் போட்டு வருகிற சில பைகளிலும் துரம் கோதுமையோ மைதாவோ கலந்திருப்பது உண்டு. பையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து எழுத்தைப் படிப்பது நல்லது.

அடுத்தது அடுப்பு. மின்சார அடுப்பில் தணலும் கிடையாது, தீச்சுவாலையும் கிடையாது. கம்பிவலை ஒன்றை அடுப்பின் மேல் வைத்து அதன்மேல் சப்பாத்தியைப் போடலாம். இல்லையென்றால் கல்லிலேயே வைத்து, மடித்த துணியால் ஓரத்தை மெல்ல அழுத்திக்கொடுத்தால் ஆவி மற்ற பக்கத்துக்கு ஓடி உப்பும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் மாவும் காய்ந்து கிடக்கும். கோடையில் பிசைந்ததைவிட இரண்டு கரண்டி தண்ணீர் கூடக் கேட்கும்.

மூன்றாவது, புகை அலாரம். ஊரில் சப்பாத்தி வெந்துவிட்டது என்பதை மூக்கு சொல்லும். இங்கே கூரையில் இருக்கும் அலாரம் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொல்லும். ஒருவர் சப்பாத்தி போட, இன்னொருவர் நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிற, குழந்தைகள் ஜன்னலைத் திறக்க, இப்படிக் குடும்பம் முழுவதும் பங்கெடுத்துக்கொள்ளும் சமையல் வேறு ஏது? கல்லில் உதிர்ந்த மாவுதான் பெரும்பாலும் கருகிப் புகைவது. சப்பாத்திக்குச் சப்பாத்தி உலர்ந்த துணியால் கல்லைத் துடைத்துவிட்டால் பாதிப் புகை அடங்கும்.

ஓவனில் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சுடலாம். எகிப்தியரின் ரொட்டியும், அரபு நாடுகளின் பீட்டாவும், வடக்கத்தியரின் தந்தூரி நானும் சூளையில் வெந்து உப்புகிறவைதானே? ரகசியம் ஒன்றுதான்: குளிர்ந்த தட்டில் வைத்து உள்ளே தள்ளக்கூடாது. தடித்த இரும்புக் கல்லையோ ரொட்டி சுடும் கற்பலகையையோ உள்ளே வைத்து, 250 டிகிரி செல்சியஸில் அரைமணிக்கு மேல் காயவிட்டு, தேய்த்த ரொட்டியை நேராக அதன்மேல் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் பந்தாக எழும்பும். மிதமான சூட்டில் இருபது நிமிஷம் விட்டால் கிடைப்பது ரொட்டி அல்ல, கூரைக்குப் போடும் ஓடு.

திருமலையில் ஒரு திட்டம்

அளவு சொல்வது நம் மரபில் இல்லை, எல்லாம் கைப்பக்குவம்தான் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் திருமலைக் கோயிலின் சுவரைப் பார்க்க வேண்டும். அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, தோசைப்படி என்று பெருமாளுக்கு அமுது செய்விக்கும் பணியாரங்கள் வருகின்றன. அவற்றுக்கு அரிசி எத்தனை மரக்கால், நெய் எத்தனை நாழி என்று அளவுகளும் வருகின்றன. "தேவையான அளவு" என்று கல்லில் வெட்டியிருந்தால் கட்டளை வைத்தவரின் வாரிசும் மடைப்பள்ளிக்காரரும் அடுத்த நாளே சண்டை போட்டிருப்பார்கள்!

இன்றைக்கும் அங்கே லட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்குத் "திட்டம்" என்றே பெயர். 1950ல் வகுத்து, பிறகு திருத்தி, 2001ல் மறுபடி திருத்தியது. அந்தக் கணக்குப்படி 5,100 லட்டுக்குக் கடலைமாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, நெய் 165 கிலோ. முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து மொத்தம் 803 கிலோ. சமைக்கிறவர் மாறலாம், தலைமுறை மாறலாம், லட்டு மாறக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. 2009ல் திருப்பதி லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆக, அளவு எழுதுவது நமக்கு அன்னியமல்ல. கைமாறிப் போக வேண்டிய சமையலுக்கு நம் முன்னோர் அளவு எழுதினார்கள். வீட்டுச் சமையலுக்கு எழுதவில்லை. ஏனென்றால் அங்கே கை மாறவில்லை. மாமியாரின் பக்கத்தில் மருமகள் நின்றாள். அதே மில்லில் அரைத்த மாவு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே விறகு. பத்து நாள் பார்த்தால் பதினோராம் நாள் கை தானே பழகிவிடும். "தேவையான அளவு" என்பது பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொன்ன வார்த்தை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் நிற்கிற நமக்கு அது பயன்படாது. ஊரைவிட்டுப் போகிற பெண்களுக்குச் சமையலை அளவோடும் வரிசையோடும் எழுதித்தர வேண்டும் என்பதை உணர்ந்துதான் மீனாட்சி அம்மாள் 1951ல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டார். எத்தனையோ புதுமணப் பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்தப் புத்தகம் பயணப்பட்டிருக்கிறது.

பாட்டி கையும் ஒரு தராசும்

ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டியின் ராகி ரொட்டி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் ஆறு மாத விசாவில் வந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அந்த ஆறு மாதத்தில் மாவிடமிருந்து கணக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியிடம், "எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்?" என்று கேட்டால், "என்னவோ ஒரு அட்டு" என்பார். கேட்காதீர்கள், நிறுங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும். மாவுப் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதுங்கள். தண்ணீர்ச் செம்பைப் பிசைவதற்கு முன்பும் பின்பும் நிறுங்கள். எடை குறைந்ததுதான் பாட்டியின் "தேவையான அளவு". ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி; கணக்கு சுலபம். "ஏண்டியம்மா, ரொட்டி தட்டறதுக்குக்கூடத் தராசா? நான் என்ன நகைக்கடையா வெச்சிருக்கேன்?" என்று பாட்டி சிரிப்பார். சிரிக்கட்டும். மூன்று நாள் நிறுத்தால் மூன்று நாளும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே வருவதைப் பார்த்து அவரே அசந்துபோவார்.

அவர் சொல்கிற வார்த்தையையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். கேழ்வரகைச் சிலர் கேவுரு என்பார்கள். வேர்க்கடலையைச் சிலர் மல்லாட்டை என்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்த அந்தச் சித்தூர் அடுப்படிப் பேச்சு நம் பிள்ளைகளின் காதில் விழுவது இந்த ரொட்டி தட்டும் நேரத்தில்தான்.

தொடங்கிவைக்க ஒரு கணக்கு இதோ. உங்கள் மாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

சப்பாத்தி எட்டு: ஆட்டா 200 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 130 மில்லி. பத்து நிமிஷம் பிசைந்து, ஈரத்துணி மூடி, அரைமணி ஊறவிடவும். ஓர் உருண்டை சுமார் 40 கிராம். சீராகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் ஒரு பக்கம் அரை நிமிஷம், மறுபக்கம் சற்றுக் கூடுதலாக விட்டு, மறுபடி திருப்பி உப்பவிடவும். வெந்ததைத் துணியில் சுற்றி மூடிவைத்தால் மிருதுவாக இருக்கும்.

ராகி ரொட்டி நான்கு: கேழ்வரகு மாவு 200 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பச்சைமிளகாய் இரண்டு, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, உப்பு முக்கால் தேக்கரண்டி. முருங்கைக்கீரை கிடைக்காத ஊரில் பசலைக்கீரை போதும். கொதிக்கும் தண்ணீர் 180 மில்லியை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையவும். வெடித்தால் இன்னும் இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் சேர்க்கலாம். எண்ணெய் தடவிய இலையில் தட்டி, நடுவில் ஒரு துளையிட்டு, துளையிலும் ஓரத்திலும் எண்ணெய் விட்டு, மூடிபோட்டு, இரு பக்கமும் மூன்று நான்கு நிமிஷம் நிதானமாக வேகவிடவும்.

அடுத்த தடவை ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போது ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் பெட்டியில் வரும். சுங்க அதிகாரி அவற்றில் சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. அவர் கைவைக்க முடியாத சாமான் ஒன்று பாட்டியின் உள்ளங்கையில் இருக்கிறது. அதை இறக்கிவைத்துக்கொள்ள ஒரு தராசும், ஒரு நோட்டுப் புத்தகமும், மூன்று சனிக்கிழமைகளும் போதும். படம் எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் நிறுங்கள், அப்புறம் சாப்பிடுங்கள், படம் கடைசியில் இருக்கட்டும்.